பல்கலைக்கழக வேலையை யாரும் விற்பதில்லை

போன வாரமும் ஒரு கடிதம் வாட்ஸாப்பில் வந்தது. திருச்சியிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ‘ரிசர்ச் அசிஸ்டென்ட்’ (ஆய்வு உதவியாளர்) வேலையாம். மேலே பல்கலைக்கழகச் சின்னம், கீழே ஜிமெயில் முகவரி. ஏஜென்ட்டிடம் இரண்டு லட்சம் ரூபாய் கட்டியாகிவிட்டது. “அக்கா, இது அசல்தானே?” என்று கேட்கிறார் இங்கே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தப்பா. கட்டுவதற்கு முந்தின நாள் கேட்டால்தான் என்ன?

பல்கலைக்கழக ஆளெடுப்புதான் என் பிழைப்பு. “ஏஜென்ட்டுக்கு உள்ளே கோட்டா இருக்கிறது” என்ற பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எந்தக் கோட்டா? ஒரு பேராசிரியர் தேசிய ஆய்வு அறநிறுவனத்திடமோ கல்வி அமைச்சிடமோ மானியம் கேட்டு எழுதுவார். கிடைத்தால் அதில் ஆள் சம்பளத்துக்கென ஒரு தொகை இருக்கும். அந்தப் பணத்தில்தான் வேலையே உருவாகிறது. யாரை எடுப்பது என்பதை அந்தப் பேராசிரியர்தான் முடிவு செய்வார். எந்தக் கருவியில் கை பழகியிருக்கிறது, என்ன நிரல் எழுதியிருக்கிறீர்கள், கட்டுரையில் உங்கள் பங்கு எது என்று குடைந்து குடைந்து கேட்பார். நாங்கள் தாள்களைச் சரிபார்ப்பவர்கள், அவ்வளவுதான். நானே நினைத்தாலும் என் தங்கையை அங்கே நுழைக்க முடியாது. ஏஜென்ட் எப்படி நுழைப்பார்?

மானியம் முடிந்தால் பெரும்பாலும் ஒப்பந்தமும் முடியும். ஓராண்டு, ஈராண்டு என்று கடிதத்தில் போட்டிருப்பதைப் படிக்காமல் வந்துவிட்டு, “நிரந்தரம் ஆக்குவீர்களா?” என்று கேட்காதீர்கள்.

நிர்வாக வேலையோ இன்னும் கடினம். உள்ளூர்க்காரர்களே வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ (இரண்டும் வேலை அனுமதிகள்) எடுக்க வேண்டுமென்றால், பொதுவாக அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் மாதம் 5,600 வெள்ளியானது (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக்கூட அதுவும் ஏறும். போதாக்குறைக்கு, சம்பளம், பட்டம் போன்றவற்றுக்குப் புள்ளி போடும் காம்பஸ் முறை வேறு. ‘ஆபீஸ் அசிஸ்டென்ட், 2,000 வெள்ளி, எம்ப்ளாய்மென்ட் பாஸ் உறுதி’ என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த வேலைப் பக்கத்திலேயே போடுங்கள். பதில் வரும் முகவரி ‘எடு டாட் எஸ்ஜி’ (edu.sg) என்று முடிகிறதா என்று பாருங்கள். வேலை தருவதற்காக முதலாளி உங்களிடம் காசு வாங்குவது இங்கே குற்றம். பாஸுக்கு விண்ணப்பிப்பது முதலாளியின் வேலை. ஒப்புதல் கடிதம் வந்தால் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள், அனுப்பியவரிடம் கேட்காதீர்கள். போலிச் சான்றிதழ் நினைப்பே வேண்டாம். காம்பஸில் பட்டத்துக்குப் புள்ளி கேட்டால் சரிபார்ப்புச் சான்று கட்டாயம். பொய் சொன்னால் சிறைவரை போகும்.

சந்தேகமென்றால் சிங்கப்பூரில் 1799 என்ற மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்களே, வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ரசீது, வங்கிக் கணக்கு எண், குரல்பதிவு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஊரில் இருப்பவர் இன்றைக்கே இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசட்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.