கிராஸ் கம்பைலர் – அயற்பொறி நிரல்பெயர்ப்பி

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். ஒரு கணினியில் இயங்கியபடி, வேறு வகைக் கணினியில் ஓடவேண்டிய நிரலை ஆக்கித் தருவது கிராஸ் கம்பைலர். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்கு மடிக்கணினியில் நிரல் எழுதியவர்கள் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, இதைப் பயன்படுத்தியவர்கள்தான்.

‘கம்பைல்’ லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கொள்ளையடித்தல் என்று பொருள். பிறகு பிறர் எழுதியவற்றிலிருந்து எடுத்துத் திரட்டுதல், தொகுத்தல் என்று மாறியது. 1952-இல் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக ஆக்கிய ஏ-0, நாடாவில் இருந்த துணைநிரல்களை எடுத்துக் கோத்துக் கொடுத்தது. அதற்குத் ‘தொகுப்பி’ மிகப் பொருத்தம். ஆனால் 1957-இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்தபின் கம்பைலரின் முதன்மை வேலை பெயர்ப்பு ஆகிவிட்டது. தொல்காப்பியம் வழிநூல் வகைகளில் தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் தனித்தனியாகவே வைக்கிறது. அதனால் புழக்கத்தில் உள்ள இரண்டு சொற்களில், ‘நிரல்பெயர்ப்பி’யையே நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, ‘கிராஸ்’? கலைச்சொல் பட்டியல்கள் ‘குறுக்கு’ என்கின்றன. குறுக்கு வழி, குறுக்கே நிற்பது என்றுதான் அது காதில் விழும். பள்ளி உயிரியலில் இதே ‘கிராஸ்’ அயல் மகரந்தச்சேர்க்கை என்று அழகாக வந்திருக்கிறதே! அயற்பொறி நிரல்பெயர்ப்பி என்றால் வேலை என்னவென்று பெயரே சொல்லிவிடும்.

பொறி எவ்வளவு அயலானது என்பதை எல்எல்விஎம்-மாஸ் திட்டத்தில் பார்க்கலாம். எல்எல்விஎம் இன்றைய நிரல்பெயர்ப்பிகள் பலவற்றின் அடித்தளம். அதைத் திருத்தி, 1975-இல் வெளிவந்த 6502 செயலிக்கு நிரல் ஆக்க வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் 2-இல் இருந்தது அந்தச் செயலி. கமடோர் 64-இல் இருந்தது அதன் நெருங்கிய உறவான 6510.

எல்எல்விஎம் நிறையப் பதிவகங்களை, அதாவது செயலிக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்களை, எதிர்பார்க்கும். 6502-இல் கணக்குக்குக் கைகொடுப்பவை ஏ, எக்ஸ், ஒய் என்ற மூன்றுதான், ஒவ்வொன்றும் எட்டு பிட். பெருக்கலுக்குக் கட்டளையே கிடையாது. 16 பிட் எண்கள் இரண்டைக் கூட்ட, முதலில் மிகைக்குறியை (முந்தைய கூட்டலில் மிஞ்சியதைக் காட்டும் பிட்) துடைக்க வேண்டும். கீழ்ப் பைட்டுகளைக் கூட்டி எழுதி, அப்புறம் மேல்பைட்டுகளை மிகையோடு சேர்த்துக் கூட்டி எழுத வேண்டும். சி மொழியில் ஒரே ஒரு கூட்டல் குறி, இங்கே ஏழு கட்டளைகள்.

இதற்கு அவர்கள் கண்ட வழி அருமையானது. நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளை 6502 மற்ற இடங்களைவிட விரைவாக அணுகும். அவற்றில் சிலவற்றை எடுத்து, ‘இவையும் பதிவகங்கள்தான்’ என்று எல்எல்விஎம்மிடம் காட்டிவிட்டார்கள். கற்பனைப் பதிவகங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். செயற்கூறுகள் தற்காலிகமாகத் தரவு வைக்கும் வன்பொருள் அடுக்கும் (ஸ்டாக்) 256 பைட்டுதான். அதனால் முழு நிரலையும் அலசி, தன்னைத்தானே திரும்ப அழைக்காத செயற்கூறுகளின் மாறிகளுக்கு நினைவகத்தில் நிலையான இடமே ஒதுக்கப்படுகிறது. இந்த அலசலைச் செய்ய ஏராளமான நினைவகம் வேண்டும். மொத்தமே 64 கிலோபைட் கொண்ட கமடோர் 64 அதைத் தாங்காது. வேறொரு கணினியில் வைத்துப் பெயர்ப்பதற்கான காரணம் இதுதான்.

பெயர்ப்பு நடக்கும் கணினியை ஆக்குபொறி என்றும், நிரல் ஓடும் கணினியை இலக்குப்பொறி என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே வகை என்றால் அது தன்பொறி நிரல்பெயர்ப்பி.