பட்டறையைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

2021 ஜூலை 5 முதல் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் கொரோனா ஊரடங்கில் ஒரே விதமான தளர்வுகள் வந்துவிட்டதால், மற்ற ஊர்களைவிடக் கூடுதல் நாட்கள் பூட்டிக் கிடந்த கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளின் சிறு பட்டறைகளும் கடைகளும் மீண்டும் திறந்தன. தொழிலகப் பாதுகாப்பு ஆலோசகராக அந்த வாரம் நான் சென்ற இடங்களிலெல்லாம் வாசலில் சானிடைசர் பாட்டில் தயாராக இருந்தது. உள்ளே இருந்த, காற்றை அழுத்தித் தேக்கும் கம்ப்ரஸரை யாரும் பார்த்திருக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில், ஊரடங்கில் முடங்கிக் கிடந்த ஓர் ஆலையின் தொட்டியிலிருந்த, பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் ஸ்டைரீன் திரவம் சூடேறி, ஆவியாகக் கசிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களின் உயிரைக் குடித்தது. அதன் பிறகுதான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஆலையைத் திறக்கும் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கருத வேண்டும், அந்த வாரத்தில் உற்பத்தி இலக்கைத் துரத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. பெரிய ஆலைகளை மனத்தில் வைத்துச் சொன்னதுதான் என்றாலும், நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கும் இது பொருந்தும் என்பதே என் அனுபவம்.

ஒரு பட்டறையில் கம்ப்ரஸர் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறக்கச் சொன்னேன். துருவேறிய செந்நிறத் தண்ணீர் அரை வாளிக்கு வடிந்தது. மேலே இருந்த, மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் அசையவே இல்லை. அந்த நிலையில் மோட்டாரைப் போட்டு, அழுத்தம் ஏறியதும் தானாக நிறுத்தும் சுவிட்சும் வேலை செய்யாமல் போயிருந்தால், டேங்க் வெடித்திருக்கக்கூடும். எலி கடித்த வயர், பேக்கரி அடுப்பில் விறைத்துப்போன கேஸ் டியூப், கொசுப்புழு நெளியும் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். சாயக்கழிவு தேங்கிய தொட்டிக்குள் மட்டும் எவரையும் இறக்காதீர்கள். அங்கே சேர்ந்திருக்கும் நச்சுவாயு, இறங்கியவரையும் அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்தே கொல்லும்.

சுத்தம் செய்யும் ஆர்வத்தில் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் கலந்துவிடுகிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் என்னும் நச்சுவாயு; இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பயன்படுத்தவே கூடாது.

நோய்த்தொற்றைப் பொறுத்தவரை, மேசையைத் துடைப்பதற்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது காற்றுக்குக் கொடுங்கள். மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் காற்றில் பத்து மீட்டர் வரை செல்லக்கூடும் என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம் எச்சரித்தது. சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. காலையில் சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுவத்தியில் ஒன்றைக் கடையின் நடுவில் வைத்துப் பாருங்கள். புகை வாசலை நோக்கியோ எக்ஸாஸ்ட் ஃபேனை நோக்கியோ நகர்ந்தால் நல்லது; ஒரே இடத்தில் மிதந்தால் எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டும்.

இவை அனைத்தையும் செய்த ஒரு தையல் கூடத்தில், காய்ச்சலோடு வந்த பெண் ஒருவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வெப்பமானியைக் கடந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி கிடையாது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ-யில் பதிவு உள்ளவர்களுக்குக்கூட நோய்க்கால உதவித்தொகை பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குக் கிடைப்பதில்லை. தொற்றை மறைத்துக்கொண்டு வேலைக்கு வரத் தூண்டுவதும் அந்த முதல் நாட்கள்தான். காய்ச்சல் என்று சொல்பவருக்கு அந்த இரண்டு நாள் கூலியை நிறுவனமே கொடுக்கும் என்று, வெப்பமானி வைத்திருக்கும் அதே மேசையில் எழுதி ஒட்டச் சொன்னேன். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் இரண்டு பேர் வேலைக்கு வராமல், காய்ச்சல் என்று போனில் சொன்னார்கள்.