மழையில்லாத மின்னல்

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 58. வெளிச்சமான வானத்தைப் பார்த்தால் கண்முன்னே ஈ பறக்கிறது. இருட்டில் கண்ணை உருட்டினால் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. மழையும் இல்லை. இது என்ன?"

நொங்கு இளசாக இருக்கும்போது தண்ணியும் வழுவழுப்பும்தான். முற்ற முற்றக் கல்லாகும். கண்ணுக்குள் நடப்பது அதன் தலைகீழ். லென்ஸுக்குப் பின்னால் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் கூழ் இருக்கிறது. விட்ரியஸ் என்பார்கள். 98 சதவீதம் தண்ணீர். கொலாஜன் இழைகளும் ஹயலூரானிக் அமிலமும்தான் அதைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வயதானால் பிடி தளர்ந்து கூழ் நீர்த்துப்போகும், இழைகள் திரளும். அந்தத் திரளின் நிழல்தான் உங்கள் ஈ.

சரி, மின்னல்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். சுருங்கும் கூழ் விழித்திரையிலிருந்து உரிந்து வரும்போது, ஒட்டியிருக்கும் இடத்தைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெளிச்சம் பட்டாலும் ஒளி என்கிறது, இழுத்தாலும் ஒளி என்கிறது. அதற்கு வேறு பாஷை கிடையாது. கண்ணில் கோளாறு இல்லாதவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடி, மூக்கோரம் இமையை மெல்ல அழுத்துங்கள். ஒளிவட்டம் காதோரம் தெரியும்! விழித்திரையில் படம் இடவலம் மாறி விழும் என்று பள்ளியில் படித்தோமே, விரல் அழுத்தத்துக்கும் மூளை அதே கணக்கைத்தான் போடுகிறது.

பலருக்கு இந்த உரிதல் சேதமில்லாமல் முடிந்துவிடும். சிலருக்கு விழித்திரை கிழியும். கிழிசல் வழியே நீர் புகுந்து, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல விழித்திரை பெயரும். திடீரென்று ஈக்கூட்டம், புதிதாக மின்னல், ஓரத்தில் கறுப்புத் திரை: எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். நீங்களும் போங்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டு இரண்டு வாரம் கடத்துகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. புரைக்கு ஊரெல்லாம் முகாம் நடத்துகிறோம். கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கவும் அதே அக்கறை வேண்டாமா?

கிழிசலோடு நின்றால் லேசரால் சுற்றி ஒட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெயர்ந்துவிட்டால் பெரும்பாலும் விட்ரெக்டமி. 1970இல் மயாமியில் ராபர்ட் மேக்கமர் தொடங்கிவைத்த முறை. வெள்ளை விழியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் போட்டு, கூழை வெட்டி உறிஞ்சி எடுத்து, வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். வாயுக்குமிழ் மேலே மிதந்து விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். அதற்காகத்தான் சிலரைக் குப்புறப் படுக்கச் சொல்வது.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் கவனிக்க: அந்தக் குமிழ் கரைய, வாயுவைப் பொறுத்து, இரண்டு முதல் எட்டு வாரமாகும். அதற்குள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால், மேலே காற்றழுத்தம் குறைந்து குமிழ் விரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். ஊட்டிப் பயணமும் ஆகாது. எண்ணெய் அப்படி விரியாது. அதனால் டிக்கெட் தேதியை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.