வெற்றி வாய்ப்பைத் தகுதி என்று எழுதலாமா?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், துணை அதிபர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்ற விவாதம் தமிழ்ச் செய்திகளிலும் எழுகிறது. கூடவே ‘அனுபவமா, தேர்தல் தகுதியா?’ என்ற தொடரும் தவறாமல் வந்துவிடுகிறது. தேர்தலில் வெல்லும் வாய்ப்பைக் குறிக்கும் எலக்டபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைத் ‘தேர்தல் தகுதி’ என்று எழுதுவது பிழை. சிறு பிழையும் அன்று. தராசின் இரு தட்டுகளில் எவை இருக்கின்றன என்பதையே அது மறைத்துவிடுகிறது.

முதலில், அதிபர் வேட்பாளருடன் சேர்ந்து நிற்கும் துணை அதிபர் வேட்பாளரைக் குறிக்கும் ரன்னிங் மேட். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் பிறந்த சொல் அது. வெல்ல வேண்டிய குதிரைக்கு வேகம் கூட்டிக் கொடுப்பதற்காக, அதே லாயத்திலிருந்து உடன் ஓடவிடப்பட்ட குதிரையை அப்படி அழைத்தார்கள். இதை ‘ஓட்டத் துணைவர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பந்தயமும் விளங்குவதில்லை, தேர்தலும் விளங்குவதில்லை. இன்றைய அமெரிக்க நடைமுறையில் வாக்காளர் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கைத்தான் அளிக்கிறார். ஆகவே ‘இணை வேட்பாளர்’ என்பதே பொருந்தும். மனு தள்ளுபடியாகிவிடுமோ என்று நம் ஊர்க் கட்சிகள் முன்னெச்சரிக்கையாக நிறுத்தும் ‘மாற்று வேட்பாளர்’ முற்றிலும் வேறு.

எலக்டபிள், எலிஜிபிள் ஆகிய இரண்டும் ‘பொறுக்கியெடுத்தல்’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்க வேண்டும். எலிஜிபிள் என்பது சட்டம் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது: அமெரிக்க அதிபராகிறவருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவர் பிறப்பால் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அதிபராக முடியாதவர் துணை அதிபராகவும் முடியாது என்று 1804இல் ஏற்கப்பட்ட 12ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொல்கிறது. இதுதான் தகுதி. ‘தகுதி நீக்கம்’ என்று நாம் எழுதுவதும் இந்தப் பொருளில்தான். எலக்டபிலிட்டியோ, இவர் நின்றால் மக்கள் வாக்களிப்பார்களா என்ற கணிப்பு. தகுதியை ஆவணம் காட்டி நிறுவலாம். இந்தக் கணிப்பை வாக்கு எண்ணி முடியும்வரை யாராலும் நிறுவ முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் ஒரு பதவிக்குத் தகுதியானவர் என்று தமிழில் சொல்லும்போது, அவருடைய அனுபவத்தையும் உள்ளடக்கியே சொல்கிறோம். அப்படியிருக்க அனுபவத்தையும் தகுதியையும் எதிரெதிரே நிறுத்தினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? 2008இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை இணை வேட்பாளராக அறிவித்தார். பேலின் ஆளுநராகி அப்போது இரண்டாண்டுகூட நிறைவடையவில்லை. பெண் வாக்காளர்களையும் கட்சியின் பழமைவாத ஆதரவாளர்களையும் அவர் ஈர்ப்பார் என்று எதிர்பார்த்தார்கள். நாட்டை நடத்தும் அனுபவம் அவருக்கு இருக்கிறதா என்பதே எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்வி. இதை ‘அனுபவத்தைவிடத் தகுதிக்கு முன்னுரிமை’ என்று எழுதினால், நடந்ததற்கு நேர்மாறான பொருள் கிடைக்கிறது.

இந்தப் பிழையை உணர்ந்த சிலர் ‘தேர்வுறுதன்மை’ என்றும் ‘வெல்திறன்’ என்றும் புனைந்து எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல் ‘பிலிட்டி’ என்று முடிந்தால் தமிழில் ஒரு ‘தன்மை’யை ஒட்டியாக வேண்டும் என்ற பழக்கத்தின் விளைவே ‘தேர்வுறுதன்மை’. அது தேர்வு எழுதும் மாணவரைத்தான் நினைவூட்டும். ‘வெல்திறன்’ செவிக்கு இனியது, தூய தமிழும்கூட; ஆனாலும் அதை ஏற்க மாட்டேன். திறன் என்பது ஒருவருக்குள் இருப்பது; எலக்டபிலிட்டி பிறர் கணிப்பில் இருப்பது. அதே வேட்பாளர் ஒரு மாநிலத்தில் வெல்வார், இன்னொன்றில் தோற்பார். அவருடைய திறன் எல்லை தாண்டும்போது மாறிவிடுவதில்லை. தூய்மை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் தூய சொல்லாக இருந்தால் போதும், பொருள் தானாக வந்து சேரும் என்று நம்பும் மொழிபெயர்ப்பாளர்களால் தமிழுக்கு நன்மை இல்லை. ‘வெற்றி வாய்ப்பு உள்ளவர்களுக்கே சீட்’ என்று நம் கட்சிக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். புழக்கத்தில் இருக்கும் அந்தச் சொல்லைத் தாண்டிப்போய்ப் புதிதாக ஒன்றைச் செதுக்குவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

எனினும் இணை வேட்பாளரைப் பற்றி எழுதும்போது ‘வெற்றி வாய்ப்பு’ம் சற்றுப் பிசகுகிறது. அவர் தனியே வெல்வதோ தோற்பதோ இல்லை; தலைமை வேட்பாளருக்கு எத்தனை வாக்கு கூட்டித் தருவார் என்பதே கேள்வி. 1960இல் அதிபர் வேட்பாளர் கென்னடி, லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டபோது, ஜான்சனின் மாநிலமான டெக்ஸாஸின் 24 தேர்வாளர் வாக்குகளும் (மாநிலவாரியாக அளிக்கப்பட்டு அதிபரை முடிவுசெய்யும் வாக்குகள்) கணக்கில் இருந்தன. அந்த மாநிலத்தில் கென்னடி வென்றது சுமார் 46,000 வாக்குகளில். ஜான்சன் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் பெரும்பான்மைத் தலைவராகவும் இருந்ததால், அவரிடம் அனுபவமும் வாக்கும் சேர்ந்தே இருந்தன. 2000இல் நிலைமை வேறு: ஜார்ஜ் புஷ் தேர்ந்த டிக் செய்னியின் மாநிலமான வயோமிங்கில் மூன்றே தேர்வாளர் வாக்குகள், அவையும் எப்படியும் புஷ்ஷுக்குக் கிடைக்கக்கூடியவை, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் என்ற அனுபவத்துக்காகவே அவர் சேர்க்கப்பட்டார். இந்த இரு தெரிவுகளையும் பிரித்துக் காட்ட ‘அனுபவம்’, ‘வாக்குச் சேர்க்கும் வலு’ என்ற இரண்டு சொற்கள் போதும். அனுபவத்தை ஏன் எடை போடுகிறார்கள் என்பதற்கும் விளக்கம் வேண்டியதில்லை: அதிபரின் இறப்பாலோ பதவி விலகலாலோ இடையிலேயே அதிபரான துணை அதிபர்கள் ஒன்பது பேர். அவர்களுள் ஒருவரான ட்ரூமன், அதிபராவதற்கு முன் துணை அதிபராக இருந்தது 82 நாள்கள் மட்டுமே.

பிலிப்பைன்ஸில் கதை வேறு. அங்கே அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியாக வாக்களிக்கிறார்கள். 2016இல் மார் ரோஹாஸ் அதிபர் தேர்தலில் தோற்றார். அவருடைய இணை வேட்பாளர் லெனி ரொப்ரெடோ துணை அதிபராக வென்றார். அதிபர் தேர்தலில் வென்ற டுடேர்டேயின் இணை வேட்பாளர் தோற்றுப்போனார். அந்நாட்டுச் செய்தியை எழுதும்போது மட்டும் இணை வேட்பாளருக்கும் ‘வெற்றி வாய்ப்பு’ என்றே எழுதலாம்.