எலும்புகளுக்கு நடுவே இடைவெளியைக் காப்பது யார்?

சென்னையில் நடைபாதை என்று சொல்லப்படுவதில் ஒரு கல் தூக்கி நிற்கும், அடுத்தது சரிந்திருக்கும், நடுவில் வடிகால் மூடி ஆடும். பாதம் பாட்டுக்கு உள்ளே வெளியே சாய்ந்து சமாளித்துவிடும். இந்தச் சாய்வைத் தருவது கணுக்கால் மூட்டு அல்ல; அது பெரும்பாலும் மேலும் கீழும்தான் அசையும். அதற்குக் கீழே பாதத்தின் பின்பாதியில் நெருங்கியிருக்கும் 7 எலும்புகளின் நடுவே உள்ள மூட்டுகள் செய்யும் வேலை அது.

அந்த எலும்புகளில் இரண்டு ஒட்டிப்போனால்? பாதத்தில் மட்டும் என்றால் அவ்வளவு அபூர்வமில்லை. நூற்றில் ஒருவருக்கு இருக்கலாம், பலர் அறியாமலே. பாதம் விறைத்திருக்கும், அடிக்கடி கால் பிசகும். அதே ஒட்டல் மணிக்கட்டிலும் முதுகெலும்பிலும் சேர்ந்து வந்தால்தான் அது 'ஸ்பாண்டிலோகார்போடார்சல் சினோஸ்டோசிஸ்' என்ற மிக அரிய நோய். சுருக்கமாக எஸ்.சி.டி.

இதில் வரும் குட்டை உயரத்தில் ஒரு விசேஷம் உண்டு. கைகால்கள் ஏறக்குறைய வழக்கமான நீளத்தில் இருக்க, உடற்பகுதி மட்டும் குறுகியிருக்கும். ஒவ்வொரு முள்ளெலும்பும் தன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும்தான் உயரமாக வளர்கிறது. இரண்டு ஒட்டிக்கொண்டால் நடுவில் இருக்கும் வளரும் இடம் போய்விடும். ஒட்டல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல்: ஒட்டாத பக்கம் வளர்ந்துகொண்டே போக, முதுகு பக்கவாட்டில் வளையும். ஆகவே இப்படி ஒரு குழந்தையை நிற்க வைத்து அளந்தால் மட்டும் போதாது, உட்கார வைத்தும் அளக்க வேண்டும்.

சரி, ஏன் ஒட்டுகிறது? மூன்றாம் குரோமோசோமில் உள்ள எஃப்.எல்.என்.பி. என்ற மரபணுவில் வரும் பிழைகள் இதற்குக் காரணம் என்று 2004-இல் தெரியவந்தது. அது தயாரிக்கும் புரதம் ஃபிலமின் பி. செல்லுக்குள் ஆக்டின் என்ற இழைகள் ஓடுகின்றன. கட்டுமான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கம்பிகளைக் கட்டுக்கம்பி முடிச்சுப் போட்டுப் பிடிப்பதுபோல, ஃபிலமின் அந்த இழைகளைப் பிணைக்கிறது. அதோடு நிற்காமல், வெளியிலிருந்து செல்லுக்கு வரும் வளர்ச்சிச் சமிக்ஞைகளையும் அடக்கி வைக்கிறது.

எலும்புக்கூட்டின் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகுதான் எலும்பாகிறது. எந்த இடம் எலும்பாக வேண்டும், எது மூட்டாகவோ, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்காகவோ நிற்க வேண்டும் என்பதில் செல்கள் கறாராக இருந்தாக வேண்டும். ஃபிலமின் பி இல்லாத எலிகளில் முள்ளெலும்புகள் முதலில் தனித்தனியாகத்தான் உருவாகின்றன. அப்புறம் நடுவில் உள்ள டிஸ்க்கின் செல்கள் தாங்களும் எலும்பு செய்யக் கிளம்பிவிடுகின்றன. அதாவது, இடைவெளி தானாக இருப்பதில்லை. காவல் இருந்தால்தான் இருக்கிறது.

எனக்கு இதைவிட வியப்பு, இதே மரபணு எதிர்த்திசையிலும் வேலை காட்டுவதுதான். எஸ்.சி.டி.யில் புரதம் உருவாவதே இல்லை, மூட்டுகள் ஒட்டுகின்றன. லார்சன் நோயிலோ புரதம் உருவாகிறது, ஆனால் ஓர் எழுத்து மாறிய நிலையில். பிறக்கும்போதே இடுப்பு, முழங்கால் மூட்டுகள் விலகி நிற்கின்றன.

லார்சனுக்கு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிழையாக இருந்தாலே போதும். எஃப்.எல்.என்.பி.யால் வரும் எஸ்.சி.டி.க்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் பிழையாக வர வேண்டும். பெற்றோர் இருவருக்கும் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமனுக்கு அக்கா மகள், அத்தை மகனுக்கு மாமன் மகள் என்று முடிக்கும் நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே தாத்தாவின் பிழை இரு வழியாகவும் இறங்கி ஒரே குழந்தையில் சேர்வது அங்கேதான் எளிது.

கைக்குழந்தையின் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது என்பதால் பாதத்தில் உள்ள ஒட்டல் சில வருடம் ஒளிந்தே இருக்கும். காது மந்தம், அண்ணப் பிளவு போன்றவையும் சிலருக்கு உண்டு. நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. முதுகின் வளைவை வளர வளரக் கண்காணித்து, தேவைப்பட்டால் அறுவை செய்கிறார்கள். எந்த அறுவையாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் கழுத்து எக்ஸ்ரேயை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். கழுத்தெலும்புகள் ஒட்டியிருந்தால், மூச்சுக்குழாயில் டியூப் இறக்க வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்க்க முடியாது.