டர்க்காய்ஸ் ஏன் பச்சையாகிறது?

பல ஆண்டுகள் கழற்றாமல் போட்ட டர்க்காய்ஸ் மோதிரத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கல்லின் நடுவே இன்னும் வான நீலம் இருக்கும். விரலை ஒட்டிய ஓரத்தில் பச்சை ஏறியிருக்கும். போலிக் கல், சாயம் போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் இப்படிப் பச்சையேறுவது, எதுவும் ஏற்றப்படாத அசல் கல்லின் இயல்பு.

செம்பும் அலுமினியமும் சேர்ந்த, நீரையும் தன் படிகத்துக்குள் வைத்திருக்கும் பாஸ்பேட் கனிமம் இது. நீலம் செம்பு தந்தது. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு புகுந்துவிட்டால் கல் சுரங்கத்திலேயே பச்சைதான். மோதிரத்தில் நடப்பது வேறு. மிகச் சிறிய படிகங்கள் நெருக்கிச் சேர்ந்த இந்தக் கல்லுக்குள் எங்கும் நுண்துளைகள். துளைகளில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறி, கல் வெளிர்நீலமாகத் தெரியும். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1. கல்லுக்குச் சுமார் 1.61, எண்ணெய்க்கு 1.47 அளவில். துளையில் இருப்பதன் எண் கல்லின் எண்ணை நெருங்க நெருங்க, ஒளி குறைவாகச் சிதறும். தோலின் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் துளைக்குள் இறங்கியதும் சிதறல் குறைந்து நிறம் அடர்கிறது, மழை பட்ட செம்மண் கருப்பதைப் போல. உள்ளே தங்கிய எண்ணெய் நாளடைவில் மஞ்சளிக்க, நீலம் பச்சையாகிறது.

அணிந்தவருக்கு நோயோ ஆபத்தோ நெருங்கினால் கல் நிறம் மாறும் என்று முன்பு நம்பினார்கள். நம்பிக்கை தவறு, ஆனால் நிறம் மாறுவதை அவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். பாரசீகத்தில் இதன் பெயர் ஃபிரோசா, வெற்றியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஈரானின் நிஷாபூர் கல்லின் நீலத்தைத்தான் இன்றும் உயர்வாகச் சொல்கிறார்கள். பண்டைய எகிப்தியர்கள் சினாய் தீபகற்பத்தில் இதை வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள செராபித் எல்-காதிமில் 'டர்க்காய்ஸின் தலைவி' எனப்பட்ட ஹாத்தோர் தேவிக்குக் கோயிலே இருக்கிறது.

கடைகளில் இன்று அதிகம் கிடைப்பது துளைகளில் பிசின் ஏற்றிய கல். அதன் நிறம் நிலைக்கும். சொல்லி விற்றால் குற்றமில்லை. ஹவுலைட் என்ற வெள்ளைக் கல்லைச் சாயத்தில் தோய்த்து டர்க்காய்ஸ் என்று விற்பதுதான் மோசடி. மணியின் துளைக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உள்ளே வெள்ளை தெரிந்தால் சந்தேகப்படலாம். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம், அசல் கல்லிலும் தழும்பு விழும்.

வெள்ளியில் பதித்த கல் என்றால் எலுமிச்சை, புளி, வெள்ளி கழுவும் திரவம் எதிலும் முக்காதீர்கள். அமிலம் கல்லை அரிக்கும். வெள்ளியை மட்டும் துணியால் துடையுங்கள். விபூதியும் பல்பொடியும் மெருகைத் தேய்த்துவிடும். 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் டர்க்காய்ஸின் கடினத்தன்மை 5 முதல் 6தான். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமத்துக்கே 7, வைரத்துக்கு 10. அதனால் வைரத்தோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம், தனிப் பருத்திப் பையில் வையுங்கள். மங்கிய கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் அன்று மட்டும் பளிச்சென்று இருக்கும். பிறகு பச்சை இன்னும் வேகமாக ஏறும், ஏறியதை வீட்டில் எடுக்கவும் முடியாது.

அழுக்கு ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் 2 சொட்டு மென்சோப்பு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே ஈரம் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் கல் நீர் வற்றி வெளுக்கும். சென்ட், ஹேர் ஸ்பிரே, முகக் கிரீம் எல்லாம் முடித்து, அவை காய்ந்த பிறகே நகையைப் போடுங்கள். கழற்றியதும் உலர்ந்த துணியால் கல்லின் அடிப்பக்கத்தையும் ஒரு முறை துடையுங்கள்.