மாமனுக்கு இருந்தது மருமகனுக்கும் வருமா?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பையனுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு. அமுக்கினால் நகராது, கல் மாதிரி இருக்கும். எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தொடை எலும்பிலிருந்தே காளான் போல முளைத்து, மூட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆஸ்டியோகாண்ட்ரோமா என்ற எலும்புக் கட்டி, புற்றுநோய் இல்லை. "இவன் மாமனுக்கும் தோள்ல இப்படித்தானே இருந்துச்சு?" என்றார் பாட்டி.

டாக்டர் பையனை விட்டுவிட்டு அம்மாவின் கையைத் தடவினார். மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஒன்று. இத்தனை வருஷமாக அதைத் தன் எலும்பு வாகு என்றே நினைத்திருக்கிறார்!

ஒற்றைக் கட்டி பெரும்பாலும் பரம்பரையில் வருவதில்லை. உடம்பில் பல இடங்களில், அதுவும் குடும்பத்தில் பலருக்கு என்றால், இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2 என்ற இரண்டு மரபணுக்கள் மேல்தான் முதல் சந்தேகம். ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவருக்கு இந்த நிலை உண்டு.

ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு முனையில் வெள்ளையாக வழுக்குமே, அதுதான் குருத்தெலும்பு. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நீள்வது, முனையை ஒட்டிய இதே மாதிரிக் குருத்துத் தட்டில்தான். அங்கே செல்களைச் சுற்றி ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள், தேவனாம்பட்டினத்து மீன்வலை மாதிரி விரிந்திருக்கும். 'வளர்' என்கிற சமிக்ஞைகளை அந்த வலை பிடித்து நிறுத்தும். வலை பின்னுவது இந்த மரபணுக்களின் வேலை. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுது; ஏதோ சில செல்களில் மற்றதும் போனால் வலை கிழியும், எலும்பு பக்கவாட்டில் முளைக்கும். எந்தச் செல்லில் போகும் என்பது தற்செயல். அதனால்தான் மாமனுக்குத் தோளில், மருமகனுக்குக் காலில்.

இதை வைத்து எல்லா எலும்புக் கட்டியையும் பரம்பரைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எலும்புக்குள் நார்த்திசு வளரும் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவிலும் மரபணுப் பிழை உண்டு, ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில். ஆனால் அது கரு உருவான பிறகு ஒரு செல்லில் நேர்வது. ஜெராக்ஸ் கடையில் ஒரிஜினல் சுத்தமாக இருக்க, ஒரு நகலில் மட்டும் மை தீற்றிக்கொண்ட மாதிரி. அந்த நகலை நகலெடுத்தவற்றில்தான் கறை. பெற்றோரிடமிருந்து வந்ததில்லை, பிள்ளைக்கும் போகாது.

சரி, பையன் விஷயம். குருத்துத் தட்டு மூடி வளர்த்தி நின்றால் கட்டியும் நின்றுவிடும். அப்புறமும் பெருத்தாலோ வலித்தாலோ உடனே காட்ட வேண்டும். அரிதாகப் புற்றாக மாறுவதுண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரை நிலை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தங்கைக்கு இப்போது மூன்று வயது, கையில் எதுவும் தட்டுப்படவில்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் அம்மா தடவிப் பார்க்கிறார்.